ஈசானிய மூலையில் ஒரு வால்வு

வெள்ளைக்கேணி நீரேற்று நிலையத்துக்கு இந்த வருஷம் எல்லாம் வந்தது. பெயின்ட் வந்தது. புல்தரை வந்தது, புல்லின் மேல் நடக்காதீர் என்ற பலகையும் கூடவே வந்தது. செல்ஃபி எடுத்துக்கொள்ள இதய வடிவில் ஒரு இரும்பு வளையம் வந்தது. வெள்ளைக்காரன் கட்டிய செங்கல் புகைபோக்கியைச் சுற்றி சீரியல் விளக்கு வந்தது. நிலையத்தின் முதுகை ஒட்டிக் கிடக்கும் பம்ப் ஹவுஸ் பின்தெருவுக்குத் தண்ணீர் மட்டும் வரவில்லை.

பாலாற்று மணலுக்கு அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி ஊருக்கு ஏற்றும் வேலையை அந்த நிலையம் நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்துவருகிறது. நீராவி எஞ்சின் செத்தது, டீசல் எஞ்சின் செத்தது, இப்போது கரண்ட் மோட்டார் ஓடுகிறது. மோட்டார் ஓடும்போது பின்தெருவில் சங்கரியின் அடுப்படிச் சுவர் அதிரும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். ஊருக்கெல்லாம் போகிற தண்ணீர் தன் வீட்டுச் சுவரை ஆட்டிவிட்டுப் போவதைக் கேட்டபடி அவள் காலிக்குடத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். எதிர்வீட்டுப் பிரியாணி என்றால் வாசனையாவது இலவசம். இங்கே சத்தம்தான் இலவசம்.

சங்கரிக்கு மாவு வியாபாரம். மாமல்லபுரம் சாலையில் புதிதாக முளைத்த அடுக்கு வீடுகளுக்கு இட்லி மாவு அவள் கிரைண்டரிலிருந்துதான் போனது. கணவன் செல்வராஜ் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். காலை முதல் சவாரியில் சவாரிகளின் காலுக்கு நடுவில் மாவு வாளிகளும் போகும். குழாய் நின்றபிறகு பேரூராட்சி டேங்கர் விட்டது. கல்குவாரித் தண்ணீர். அதில் அரைத்த மாவு பொங்கவில்லை, புளிக்கவில்லை, சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. அடுக்கு வீட்டு வைஷாலி போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இட்லி ஒரு மாதிரி இருக்கு. பையன் கோவத்துல ஒண்ணைத் தூக்கி எறிஞ்சான், சுவத்துல பெயின்ட் பேந்துடுச்சு. இந்த ஞாயித்துக்கிழமைக்கு மேல எல்லாருமா பாக்கெட் மாவுக்கு மாறிடலாம்னு பேசிக்கிட்டிருக்கோம்."

வெள்ளிக்கிழமை நீரேற்று நிலையத்துக்குத் திறப்பு விழா. அதை "குடிநீர்ப் பாரம்பரிய அருங்காட்சியகம்" ஆக்கி, அமைச்சர் வந்து திறக்கப்போகிறார். திறந்தபிறகு அங்கே ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆகவே, வெள்ளிக்குள் தண்ணீர் வந்தால் சங்கரிக்கு வியாபாரம் உண்டு. வராவிட்டால் கிரைண்டரையும் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம்.

அவள் முதலில் வால்வு ஆபரேட்டர் மோகனைப் பிடித்தாள். ஒவ்வொரு தெருவாக வால்வைத் திறந்து மூடுகிறவர் அவர்தான். நிலையத்தின் வடகிழக்கு மூலையில், மஞ்சள் பட்டு போர்த்திய ஒரு கல்வெட்டுக்குப் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்த, எங்க தெரு வால்வு இன்னா ஆச்சி?"

"கீது."

"எங்க கீது?"

மோகன் பல்குச்சியால் கல்வெட்டின் பீடத்தைக் காட்டினார்.

"பீடத்துல இன்னா?"

"பீடத்துல ஒண்ணும் இல்ல. அடியில."

சங்கரி குனிந்து பார்த்தாள். பீடம் கறுப்பு கிரானைட்டில் பளபளத்தது. அதில் அவள் முகம் தெரிந்தது. நல்ல முகமாக இல்லை.

"அன்னிக்கி காத்தால உங்க தெருவுக்கு மூடிட்டு பஜாருக்குத் தெறந்து வுட்டேன். எப்பவும் பண்றதுதான்" என்றார் மோகன். "கான்ட்ராக்டர் கூப்ட்டு, பீடத்துக்குப் பூசை போடணும், திருக்கழுக்குன்றம் போயி நல்லதா ஒரு மாலை வாங்கினு வான்னாரு. போனேன். வரப்போ பஸ் லேட்டு. வந்து பாத்தா குழி மேல ஸ்லாப் போட்டு, பீடம் கட்டி, பூசிகினு கீறாங்க."

"நீ இன்னா பண்ண?"

"கையில மாலை இருந்துச்சி. போட்டேன்."

சங்கரி பீடத்தைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

"அடியில வால்வு கீதுன்னு வாயத் தெறந்து சொல்லக் கூடாதா?"

"சொன்னேம்மா. பூசை முடிஞ்சிடிச்சேப்பா, இப்ப போயி சொல்றியேன்னாரு. வாஸ்துக்காரரு ஈசானிய மூலைதான்னு சொல்லிட்டாராம். அமைச்சர் பேரு ஈசானியத்துலதான் நிக்கணுமாம்."

ஈசானிய மூலையில் தண்ணீர் இருக்க வேண்டும் என்பதும் அதே வாஸ்துதான். வாஸ்து என்றால் வீசை என்ன விலை என்று கேட்டிருக்கக்கூடிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர், தற்செயலாகச் சரியான மூலையில் தண்ணீரை வைத்துவிட்டுப் போனான். வாஸ்து தெரிந்தவர்கள் வந்து அதை மூடினார்கள்.

சங்கரி அங்கிருந்து நேராகப் பேரூராட்சித் தலைவர் வீட்டுக்குப் போனாள். தலைவர் சாரதாம்பாள். பேரூராட்சியை நடத்துவது அவர் கணவர் அப்பாசாமி. யார் என்ன கேட்டுப் போனாலும் சாரதாம்பாள் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, "அவரு வந்துடுவாரு" என்பார். காப்பி நன்றாக இருக்கும். அந்தத் தெருவுக்குத் தண்ணீர் இரண்டு வேளை.

அப்பாசாமி வந்தார். கேட்டார். தலையாட்டினார்.

"உங்க தெருவுக்குப் புதுசா லைன் போட எஸ்டிமேட் போட்டுகினு கீறோம்மா."

"பழைய லைனு நல்லாத்தான் கீது தலைவரே. மேல ஒரு கல்லுதான்."

"கல்லுன்னு சொல்லாத. கல்வெட்டு."

"சரி, கல்வெட்டு. அதத் தூக்கி அந்தாண்ட வெச்சா இன்னா? அமைச்சர் பேருக்குக் கால் வலிக்குமா?"

"திறப்பு விழாவுக்கு முன்னாடி கல்வெட்டுல கைய வெச்சா அபசகுனம். விழாவுக்கு அப்புறம் வெச்சா கேசு."

"அப்ப எப்பத்தான் எடுப்பீங்க?"

அப்பாசாமி ஒருநாளும் பொய் சொல்லாதவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு யோசித்து நேர்மையாகவே பதில் சொன்னார்.

"ஆட்சி மாறினா."

சங்கரி காப்பியைக் குடிக்காமல் எழுந்துவந்தாள். வழியெல்லாம் அவளுக்குள் கோபம் உலைபோலக் கொதித்தது. உலைக்குக்கூடத் தண்ணீர் வேண்டும். இது வறட்டுக் கொதிப்பு.

அதற்கு முந்தைய வாரம்தான் பின்தெருப் பெண்கள் எல்லோரும் காலிக்குடங்களோடு போய் செங்கல்பட்டு சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்கள் நின்றன. போலீஸ் வந்து "நியாயம்தான், ஆனா எழுந்துருங்க" என்றது. அப்பாசாமி வந்து கைகூப்பினார். கேமராவோடு ஓர் இளைஞனும் வந்து, "அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க, வெளிச்சம் நல்லா விழுது" என்று நிறையப் படம் எடுத்தான். பத்திரிகைக்காரன் என்று நினைத்து எல்லோரும் முகத்தை இன்னும் கொஞ்சம் பரிதாபமாக வைத்துக்கொண்டார்கள். வேண்டா மட்டும் மாட்டேன் என்றாள். சங்கரிக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கும் அவளுக்குப் பரிதாபமாக முகத்தை வைக்கத் தெரியாது. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததும் போதுமென்று வீட்டில் வைத்த பெயர் வேண்டா. அன்றிலிருந்து யாருக்கும் எதற்கும் வளைந்து கொடுத்ததில்லை.

சங்கரிக்கும் வேண்டாவுக்கும் பேச்சு கிடையாது. காரணம், குடம்.

வீட்டுக்கு வீடு குழாய் வருவதற்கு முன்பிருந்தே பின்தெருக் குழாயடியில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். வரிசையில் வைத்த குடத்தை, வைத்தவளைத் தவிர யாரும் தொடக்கூடாது. ஆள் இருக்க வேண்டும் என்பதில்லை. விளிம்பு உடைந்த குடமானாலும் சரி. குடம் நிற்கும் இடம் அவள் இடம். வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்வார்கள், தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள், குடத்தை நகர்த்த மாட்டார்கள். போன தலைவர் ஒருவர், கார் போக வழியில்லை என்று வரிசையிலிருந்த ஒரு குடத்தைக் காலால் ஒதுக்கினார். அடுத்த தேர்தலில் அவர் தோற்றார், வேறு வார்டில் நின்ற அவர் மனைவி தோற்றார், அவர் மாலை போட்டு வாழ்த்திய சட்டமன்ற வேட்பாளரும் தோற்றார். அப்படிப்பட்ட தெருவில், தன் குடத்தைச் சங்கரி ஓரிடம் பின்னால் நகர்த்திவிட்டாள் என்று வேண்டா சொல்லிவிட்டாள். கொலைப்பழி என்றாலும் சங்கரி மன்னித்திருப்பாள். நகர்த்தியது ஒரு நாய். அந்த நாய் செத்தும் போய்விட்டது. பேச்சு வரவில்லை.

புதன்கிழமை பிற்பகல் சங்கரி மறுபடியும் நிலையத்துக்குப் போனாள். யாரையாவது பிடித்துக் கத்தினால் ஆறும் என்று தோன்றியது. யாரும் இல்லை; எல்லோரும் பந்தல் கால் பார்க்கப் போயிருந்தார்கள். பழைய எஞ்சின் கூடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே போனாள்.

கூடம் குளிரூட்டப்பட்டிருந்தது. நடுவில் ஃபைபரில் செய்த மூன்று பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூவருக்கும் இடுப்பு ஒரே அளவு. மூவரும் சிரித்தார்கள். தண்ணீர் பிடிக்கும்போது சிரிக்கிற பெண்ணை சங்கரி வாழ்க்கையில் பார்த்ததில்லை. பாலாற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது என்று காட்ட சுவரில் குழாய் வரைந்து, அதன்மேல் நீல விளக்குகளை ஓடவிட்டிருந்தார்கள். விளக்கு ஆற்றிலிருந்து கிளம்பி, பஜார், கோயில் தெரு என்று எல்லாத் தெருவுக்கும் ஓடியது. பின்தெருவுக்கும் ஓடியது. அங்கே போய் ஒரு கணம் நின்று ஜொலித்துவிட்டு மறுபடி ஆற்றிலிருந்து ஆரம்பித்தது.

அதற்கு எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். பழுப்பேறிய, ஓரம் கிழிந்ததுபோன்ற படம். சாலையில் காலிக்குடங்களோடு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்வரிசையில், வெளிச்சம் நன்றாக விழும்படி திரும்பி, சங்கரி.

அவளுடைய ரோஸ் நிறக் குடம் சாம்பல் நிறமாகியிருந்தது. வேண்டாவின் இடுப்பில் செருகியிருந்த செல்போனை அழித்திருந்தார்கள். அது இருந்த இடத்தில் இடுப்பு கொஞ்சம் குழிந்திருந்தது. படத்தின் அடியில் பித்தளைத் தகட்டில் எழுதியிருந்தது: "குடிநீருக்காகக் காத்திருந்த பெண்கள். அன்று."

அன்று என்பது போன செவ்வாய்க்கிழமை.

சங்கரி அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். பசித்தவனுக்குச் சோறு போடாவிட்டால் பாவம் என்பார்கள். பசித்தவனைப் படம் பிடித்து, இவன் தாத்தா காலத்துப் பசிக்காரன், இப்போது யாருக்கும் பசிக்கவில்லை என்று சட்டம் போட்டு மாட்டுகிறவனுக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். ஃபைபர் பெண்கள் சிரித்தபடி கேட்டுக்கொண்டார்கள்.

வெளியே வந்தபோது அவள் கையில் கடப்பாரை இருந்தது. பந்தல்காரர்கள் சுவரில் சாய்த்துவைத்தது. எடுத்தது அவளுக்கு நினைவில்லை. நேராக ஈசானிய மூலைக்குப் போனாள். எங்கே அடித்தால் சரியாகப் பிளக்கும் என்று பார்க்க மஞ்சள் பட்டை விலக்கினாள்.

வெள்ளைக்கேணியில் பிறந்தவர்கள் கல்வெட்டைப் பார்த்தால் படிக்காமல் விடமாட்டார்கள். அதுவும் மேலிருந்து கீழாக, யார் யாருக்கு மேல் என்று. கோபத்திலும் சங்கரி படித்தாள். உச்சியில் அமைச்சர் பெயர், தேங்காய் அளவு எழுத்தில். அடுத்து, எந்தப் பதவியிலும் இல்லாத அப்பாசாமி, "முன்னிலை" என்ற பதவியில். அடுத்து தலைவர் சாரதாம்பாள், கணவர் பெயரைவிடக் கொஞ்சம் சின்னதாக, மரியாதையாக. பிறகு கான்ட்ராக்டர். பிறகு "ஒலி, ஒளி அமைப்பு: இனியன் சவுண்ட் சர்வீஸ், திருப்போரூர்". எல்லாவற்றுக்கும் அடியில், நாய் காலைத் தூக்கினால் சரியாக நனைகிற உயரத்தில், துணைத்தலைவர் ஹரிகிருஷ்ணன்.

சங்கரி கடப்பாரையைச் சுவரில் சாய்த்தாள். பட்டை முன்பிருந்ததைவிட ஒழுங்காகப் போர்த்தி, முடிச்சுப் போட்டாள். கோபம் தணியவில்லை. அதற்கு வேலை கிடைத்துவிட்டது.

துணைத்தலைவர் ஹரிகிருஷ்ணன் கோயில் தெருவில் இருந்தார். அப்பாசாமியின் கட்சிதான், ஆனால் வேறு கோஷ்டி. இருவரும் பொது இடத்தில் கட்டித் தழுவிக்கொள்வார்கள். இரண்டு பேருடைய ஆட்களும் அப்போது கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள். அவர் வீட்டுக்கும் சங்கரிதான் மாவு. வியாழக்கிழமை காலையில் மாவைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"சார், கல்வெட்டுல உங்க பேரு நல்லா வந்துருக்கு."

"அப்டியா? நான் இன்னும் பாக்கல. எந்த எடத்துல?"

"கீழ சார்."

"கீழன்னா, தலைவர் பேருக்குக் கீழயா?"

"தலைவர் பேருக்குக் கீழ கான்ட்ராக்டர் சார். அதுக்குக் கீழ மைக் செட்டு."

"மைக் செட்டுக்கு?"

"கீழ."

ஹரிகிருஷ்ணன் கையிலிருந்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். ரொம்பக் கீழே வைக்க மனமில்லாமல் திரும்ப எடுத்தார்.

"மைக் செட்டுக்காரன் எந்த ஊரு?"

"திருப்போரூர் சார்."

"வெளியூர்க்காரனுக்குக் கீழயா?"

"எழுத்து அழகாக் கீது சார். குனிஞ்சி பாத்தா தெரியும்."

அவர் சட்டையை மாட்டிக்கொள்ள உள்ளே போனார். சங்கரி காலி வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். பொய் ஒன்றுகூடச் சொல்லவில்லை என்பதில் அவளுக்கு ஒரு சிறிய, கசப்பான திருப்தி இருந்தது.

மாலை வெயில் சாய்வதற்குள் நிலையத்துக்குள் இரண்டு கோஷ்டியும் நின்றது. பின்தெருப் பெண்கள் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலைகளை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"கல்லு பத்தலைய்யா" என்றார் அப்பாசாமி. "எல்லாப் பேரும் போடணும்ல. கடைசியா எடம் இல்லாம போயிடிச்சி."

"எடம் இல்லையா? இங்கேருந்து எட்டிப் போனா மாமல்லபுரம். ஒரு மலையையே கோயிலா செதுக்கி வெச்சிருக்கான். உனக்கு என் பேரு செதுக்கக் கல்லு கெடைக்கல?"

"அடுத்த கல்வெட்டுல மேல போட்டுடலாம்."

"அடுத்த கல்வெட்டு உனக்கு மணிமண்டபம் கட்டறப்பதான் வெப்பாங்க. அதுவரிக்கும் நான் மைக் செட்டுக்குக் கீழ கெடக்கவா?"

கான்ட்ராக்டர் நடுவில் புகுந்தார். "சார், விழாவுக்கு மொத நாளு கல்வெட்டுல கை வெச்சா அபசகுனம் சார்."

"என் பேரு காலடியில கெடக்குதே, அது சுபசகுனமா?" என்று கேட்டுவிட்டு ஹரிகிருஷ்ணன் கண்ணைக் காட்டினார். அவர் ஆள் ஒருவன் கடப்பாரையை எடுத்தான். புதன்கிழமை சங்கரி சாய்த்துவைத்த அதே கடப்பாரை.

மூன்றாவது அடியில் அமைச்சர் பிளந்தார். பிறகு சமாதானம் பேசினார்கள். எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரவேண்டும், துணைத்தலைவர் பெயர் மேலே ஏறவேண்டும்; ஆகவே பெரிய கல்; பெரிய கல்லுக்குப் பெரிய பீடம்; ஆகவே பழைய பீடத்தையும் உடைக்க வேண்டும். உடைத்தார்கள். ஸ்லாப்பும் உடைந்து உள்ளே விழுந்தது. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்துக்குப் போன் போட்டார்கள். காலையில் புதுக் கல் வேனில் வந்துவிடும். கொத்தனார் விடியும்போதே வந்து குழிமேல் புது ஸ்லாப் போட்டுப் பீடம் கட்டிவிடுவார்.

ஒரு தெரு முழுக்க வாரக்கணக்கில் கத்தியும் அசையாத கல், ஒரு டீ ஆறுவதற்குள் பொடியாகிக் கிடந்தது. சங்கரி அதைப் பார்த்தபோது மகிழ்ச்சி வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். கோபம்தான் இன்னும் கொஞ்சம் ஏறியது.

"அண்ணாத்த, குழி தெறந்து கீது. இப்பவே தெறந்து வுடு" என்று சுவருக்கு மேலிருந்து மோகனைக் கூப்பிட்டாள்.

"வால்வு பழசும்மா, தெறந்தா கசியும். ஈரத்துல சிமென்ட் புடிக்காதாம். கான்ட்ராக்டர் கைய வெக்காதன்னுட்டாரு. இன்னிக்கித் தெறந்தாலும் இன்னா? தெனம் தெறக்கணும், தெனம் மூடணும். காத்தால கல்லு வந்துட்டா நான் எந்தப் பக்கமா எறங்குவேன்?"

அது சரியான கேள்விதான். குழி இன்று திறந்திருந்து பயனில்லை. என்றைக்கும் திறந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது பந்தல்காரர்களுக்காகக் கேட் திறந்துதான் இருந்தது. சங்கரி தன் ரோஸ் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். புல்லின் மேல் நடக்காதீர் என்ற பலகையைத் தாண்டி, புல்லின் மேல் நடந்து, வால்வுக் குழியின் விளிம்பில் குடத்தை வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கேட்டின் வழியே யாரோ பார்ப்பது தெரிந்தது. வேண்டா. அவள் இடுப்பிலும் குடம். கொஞ்ச நேரம் சங்கரியைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள்.

"ஏய். வரிசை எங்க ஆரம்பிக்குது?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

"இங்க."

வேண்டா தன் குடத்தை அடுத்து வைத்தாள். வைத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியை விரல்களால் அளந்து பார்த்தாள். "இந்த எடம் எனுது. அப்புறம் நாயி நவுத்திச்சின்னு சொல்லாத" என்றாள். சங்கரிக்குச் சிரிப்பு வந்தது. கோபமாக இருந்ததால் அதை உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

செய்தி தெருவுக்குள் போனது. மஞ்சள் குடம், பச்சைக் குடம், நெளிந்த எவர்சில்வர் குடம் என்று வரிசை குழியைச் சுற்றி வளைத்து, புல்தரையைக் கடந்து, செல்ஃபி வளையம்வரை போனது.

கொத்தனார் சிமென்ட் சட்டியோடு வந்தார். "யாரு கொடம்மா இது, எடுங்க" என்றார்.

"வரிசையில கீது" என்றாள் சங்கரி.

நீட்டிய கையைக் கொத்தனார் இழுத்துக்கொண்டார். அவரும் ஒரு கடைக்கோடித் தெருக்காரர்தான். "அப்ப நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்" என்று போனவர், டீத்தூள் வாங்க அசாம் போனதுபோல வரவே இல்லை.

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பாசாமி வந்தார். காதில் போன். "திருப்போரூர் தாண்டிட்டாரா? சரி, சரி." போனை வைத்துவிட்டு வரிசையைப் பார்த்தார். அவர் பின்னால் வேனிலிருந்து புதுக் கல்லை எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பெயர்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்ததால் கல் ஒரு கதவைவிடப் பெரிதாக இருந்தது.

"பேஜாரு பண்ணாதீங்கம்மா. அமைச்சர் வந்துகினு கீறாரு. கொடத்த எடுங்க."

"கொடந்தான தலைவரே. வெயிட்டே இல்ல, காலியாத்தான் கீது. நீங்களே எடுத்து வைங்க" என்றாள் சங்கரி.

அப்பாசாமி குனிந்தார். கை ரோஸ் குடத்தின் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.  வேண்டா இடுப்பிலிருந்த செல்போனை எடுத்து, நிதானமாக அவருக்கு நேராகப் பிடித்தாள். உள்ளே சுவரில் இல்லாத அதே செல்போன்.

"வெளிச்சம் நல்லா விழுது" என்றாள் வேண்டா. "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க தலைவரே."

அப்பாசாமி நிமிர்ந்தார். தோற்றுப்போன முன்னாள் தலைவர், அவர் மனைவி, அந்த வேட்பாளர் என்று மூன்று பேரும் அவர் முகத்தில் வந்து போனார்கள்.

"தலைவரே, கை இறங்குது" என்று கல்லைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் முனகினார்கள்.

"அந்தச் சுவத்தாண்ட வைங்கடா" என்றார் அங்கே வந்து சேர்ந்த ஹரிகிருஷ்ணன்.

"அது அக்கினி மூலைய்யா" என்றார் அப்பாசாமி.

"என் பேரு மேல கீதில்ல? எந்த மூலையில வெச்சாலும் ஈசானியந்தான்."

கல் செல்ஃபி வளையத்துக்குப் பின்னால் போய்ச் சாய்ந்தது. அப்பாசாமி பல்லைக் கடித்துக்கொண்டு, "மோகன், தெறந்து தொலை. இவங்க மொதல்ல இங்கருந்து போவட்டும்" என்றார்.

மோகன் குழிக்குள் இறங்கினார். அமைச்சரின் பெயரில் பாதி உள்ளே கிடந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தார். துரு ஏறிய சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். சங்கரி விளிம்பிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சுற்று. இரண்டு. சக்கரம் முனகியது. மூன்று. நான்கு. பூமிக்குள் ஏதோ தொண்டையைக் கனைத்துக்கொண்டது. பிறகு உஸ்ஸென்ற இரைச்சல் பின்தெருவை நோக்கி ஓடியது.

"அவ்ளோதான்" என்று மோகன் கையைத் துடைத்துக்கொண்டார்.

பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சங்கரி மட்டும் தன் குடத்தை எடுக்கவில்லை. அது நிற்கும்வரை அந்த இடம் அவளுடையது.

விழா நடந்தது. அமைச்சர் ரிப்பன் வெட்டி, நீல விளக்குகளைப் பார்த்து வியந்து, வெளியே வந்தபோது குழியோரம் தனியாக நின்ற ரோஸ் பிளாஸ்டிக் குடத்தைப் பார்த்து, இது என்ன என்று கேட்டாராம். "பாரம்பரியக் குடம்ங்கய்யா" என்றாராம் அப்பாசாமி. அமைச்சர் அதனருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அன்று மாலையே அதைச் சுற்றிக் கயிறு கட்டி, தொடாதீர் என்று பலகை வைத்துவிட்டார்கள். குழி மூடப்படவில்லை. மோகன் இனி தினமும் கயிற்றைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

இதையெல்லாம் செல்வராஜ்தான் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னான். சங்கரி அடுப்படிக் குழாயடியில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். குழாய் விடாமல் கொட்டியது. சுவர் அதிர்ந்தது, டம்ளர்கள் இடித்துக்கொண்டன. உளுந்து தனியாக ஊறிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு மாவு தயாராகிவிடும்.

"தண்ணிதான் வந்துடிச்சே. இன்னும் இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீற?"

சங்கரி அரிசி அப்பிய கையைத் தூக்கி, காற்றில் இல்லாத ஒரு சக்கரத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"நாலு சுத்துய்யா" என்றாள். "நாலே நாலு சுத்து."

அவன் சிரிப்பை நிறுத்தினான். அவள் களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை மறுபடியும் குழாயடியில் வைத்தாள், அலமாரியில் டம்ளர்கள் அதிர்கிற அளவுக்கு.